கட்டிலுக்கு அடியில் குனியாத பிள்ளைகள்

நம் பக்கத்தில் பேய் இல்லாத பெண்கள் விடுதி ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் வேலையில் சேர்ந்த முதல் வாரமே பிள்ளைகள் அதை உங்களுக்கு அறிமுகம் செய்துவைத்துவிடுவார்கள். குளியலறைப் பக்கம் இருக்கும், இல்லாவிட்டால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம் இருக்கும். கட்டாயம் கொலுசு போட்டிருக்கும். எங்கள் விடுதியில் வெகுநாளாக ஒரு பேய் சமையலறைப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் மரநாய். பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம், சில நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால் பேய் என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகள் வந்து நின்றால் சிரிப்பு வரும். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே எழுந்து போய்ப் பாருங்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவளைக் கூப்பிட்டு, புதிதாக விடுதிப் பொறுப்புக்கு வந்திருக்கிற எங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சமையல் அளவும் விடுப்பு விதியும் உங்களுக்கு வேறு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நான் ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், பாலாற்றங்கரைப் பக்கம் இருக்கிறது. நான் டீச்சராகச் சேர்ந்தபோது எட்டாவது வரைதான். எட்டாவது முடித்த பெண்கள் அடுத்த மாதமே காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை வைக்க அம்மாவோடு என் வீட்டுக்கு வருவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு பத்தாவது வந்தது, வெகு காலம் கழித்து பன்னிரண்டாவதும் வந்தது. அப்படியும் ஒடுகத்தூருக்கு மேலே மலையில் இருக்கிற பிள்ளைகளால் வர முடியவில்லை. சாயங்கால பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது. பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள். விடுதி இல்லாத பெண்கள் பள்ளி பாதிப் பள்ளிதான் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

விடுதிக்கு இடம் கொடுத்தவர் ஊரில் ஒரு பெரிய மனிதர். மூடிக் கிடந்த தன் பழைய தோல் ஷாப்பை அப்படியே பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். தோல் பதனிடுகிற இடத்தைத்தான் இங்கே தோல் ஷாப்பு என்போம். மாடியில் தோல் உலர்த்துவதற்கான நீளக் கூடம், சுற்றிலும் காற்று வர இடைவெளி விட்டு அடித்த மரப்பட்டிகள், நல்ல காற்று. அங்கே சின்ன வகுப்புப் பிள்ளைகள். கீழே ஒரு காலத்தில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டிகள் இருந்த கூடம். தொட்டிகளை மண் போட்டு நிரப்பியாயிற்று என்றார்கள். மேலே வழவழவென்று டைல்ஸ் போட்டு, வெள்ளை அடித்து, பத்தாவது பிள்ளைகளுக்கு அதை ஒதுக்கினோம். பொதுத்தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தனி மரியாதை வேண்டாமா.

குடியாத்தத்தில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண்கள், அம்மா ஷூ கம்பெனிக்கும் அப்பா வெளியூருக்கும் போய்விட்ட ஆம்பூர் முஸ்லிம் வீட்டுப் பெண்கள், ஆந்திர எல்லையிலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வந்தவர்கள், கிறிஸ்தவப் பெண்கள், மலைப் பெண்கள் என்று எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே. ஒரே ஊர்ப் பிள்ளைகளை அடுத்தடுத்த கட்டிலில் போடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். முதல் மாதம் அழுவார்கள். பொங்கலுக்குள் மலைப்பெண் ஆம்பூர்ப் பேச்சில் எதற்கெடுத்தாலும் 'பேஜார்' என்று சலித்துக்கொள்வாள், ஆம்பூர்ப் பெண் மலைப்பாட்டு முணுமுணுப்பாள்.

புதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான ஒரு புகார் உண்டு. நாற்றம். நான் ஆம்பூரில் பிறந்தவள், எனக்கு அந்த நாற்றம் எது என்றே தெரியாது. மலையிலிருந்து வருகிறவர்கள் மட்டும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிவார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பழைய தலைமையாசிரியை ஒரு வழி வைத்திருந்தார். மூக்கைப் பொத்துகிற பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம், சில வாரத்தில் மூக்கு பழகிவிடும், மூக்கு பழகிவிட்டால் பிள்ளையும் பழகிவிட்டாள் என்று அர்த்தம் என்பார். அந்த அம்மாள் சொன்னது எதுவும் பொய்த்ததில்லை. அதனால் எங்கள் விடுதியில் அது ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டது. "இன்னும் நாத்தம்னு சொல்றாளா?" என்று கேட்போம். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளையைப் பற்றிய கவலையை விட்டுவிடுவோம்.

பாலாற்றில் பல வருடம் கழித்துக் கரை தொட்டுத் தண்ணீர் ஓடியதே, அந்த வருடம் நடந்தது இது. ஊரே திருவிழாப் பார்க்கிற மாதிரி பாலத்தில் நின்றது. வறண்டு கிடந்த கிணறுகளில் எல்லாம் தானாகத் தண்ணீர் ஏறியது. நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அதற்குப் பிறகு ஒரு பயிற்சிக்காகச் சில வாரம் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை காலை. விடாத மழை.

சனிக்கிழமை துணி துவைக்கிற நாள், விடுதி இரைச்சலாக இருக்கும். அன்று சத்தமே இல்லை. கீழ்க்கூடத்து வாசலில் போய் நின்றேன். மழைச்சாரலுக்காக ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு பிள்ளை நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் நீளக் குச்சி, அதன் முனையில் துணி மாட்டுகிற கம்பியை வளைத்துக் கட்டியிருந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குச்சியைக் கட்டிலுக்கு அடியில் விட்டு, தகரப் பெட்டியைக் கொக்கி போட்டு இழுத்தார்கள். பெட்டியைக் காலால் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து, வராந்தாவில் வைத்துத் திறந்தார்கள். ஒருத்திகூடக் குனியவில்லை. வெகுகாலமாக அப்படித்தான் பழக்கம் என்பது போல, பேசாமல் வரிசையாகச் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது.

நஸ்ரீனைக் கூப்பிட்டேன். ஆம்பூர்ப் பெண், துடுக்குக்காரி, எதையும் மறைக்கத் தெரியாதவள். என்னடி இது என்று கேட்டேன். அவள் கூடத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கீழ அவங்க இருக்காங்க மிஸ். குனிஞ்சா புடிச்சுக்கிறாங்க."

அவங்க. ஆரம்பத்தில் ஆம்பூர்ப் பெண்கள் ஜின் என்றார்களாம், குடியாத்தத்துப் பெண்கள் முனி என்றார்களாம், ஒருத்தி பிசாசு என்று ஜெபம் பண்ணினாளாம். பெயரில் சண்டை வந்து, கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பெயர்தான் 'அவங்க'. மரியாதையாகச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பிக்கை. முதலில் சுவரிலிருந்து பல்லி செத்து விழுந்தது. விடுதிப் பூனை வாசல்வரை வந்து, முடியைச் சிலுப்பிக்கொண்டு திரும்பிப் போனது. பிறகு மூலைக் கட்டில் பக்கம் குனிந்த பிள்ளைகளுக்குப் பிடரியில் யாரோ கை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. கண் எரிந்தது. இரண்டு மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். அதில் அடிக்கடி விழுந்தவள் சங்கீதா.

சங்கீதா ஒடுகத்தூருக்கு மேலே மலை ஊர்க்காரி. அந்த ஊரில் பத்தாவதுவரை வந்த முதல் பெண். வாய் திறந்து பேச மாட்டாள், ஆனால் கணக்கில் புலி. மூலைக் கட்டில் அவளுடையது. எட்டாவதோடு நிறுத்தி மாமன் மகனுக்குக் கட்டிவைக்கலாம் என்று வீட்டில் இருந்தவர்களிடம் நான் மலையேறிப் போய்ப் பேசிக் கூட்டி வந்தவள்.

நஸ்ரீன் தன் கழுத்திலிருந்த வெள்ளித் தாயத்தைத் தூக்கிக் காட்டினாள். கறுப்பு. அழுக்குக் கறுப்பு இல்லை, அடுப்புக்கரி பூசின மாதிரி. மற்றவர்களும் வந்து கையை நீட்டினார்கள். குடியாத்தத்துப் பெண்ணின் கொலுசு, கிறிஸ்தவப் பெண்ணின் சின்னச் சிலுவை, தெலுங்குப் பெண்ணின் மோதிரம் என்று ஒன்று விடாமல் கறுத்துக் கிடந்தன. முதலில் கறுத்தது சங்கீதாவின் காப்பாம். யாருடையது அதிகம் கறுக்கிறதோ அவளை அடுத்துப் பிடிப்பார்கள் என்று பிள்ளைகள் கணக்கு வைத்திருந்தார்கள். வராந்தாவில் இருந்த என் மேஜைமேல் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் தங்கள் சாமிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிட்டதாக நினைக்கிற பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை.

சங்கீதா எங்கே என்று கேட்டேன். பெட்டி கட்டுகிறாள் என்றாள் நஸ்ரீன். பள்ளித் தாளாளர் அவள் அப்பாவை வரச்சொல்லிப் போன் பண்ணிவிட்டாராம். அவள் சொல்லி முடிக்கவில்லை, கூடத்துக்குள் தொப்பென்று ஒரு சத்தம்.

ஓடினேன். மூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சங்கீதா குப்புறக் கிடந்தாள். கொக்கிக்குச் சிக்காத பெட்டியை எடுக்கக் குனிந்திருக்கிறாள். நான் அவளைத் தூக்கப் பாய்ந்தபோது நஸ்ரீன் என் முந்தானையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். "மூச்சைப் புடிச்சுக்கினு போங்க மிஸ். குனியாதீங்க." பிள்ளைகள் அதற்குள் போர்வையை வீசி, அவள் காலைச் சுற்றி இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் காரியத்திலும் அவர்களுக்குப் பழக்கம் வந்திருந்தது.

வராந்தாக் காற்றில் கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள். யாரையும் பார்க்கவில்லை, மழையைப் பார்த்தாள். அவள் குரல் இல்லை அது, கரகரவென்று வயதானவர்கள் குரல் மாதிரி இருந்தது.

"கீழ ஆளு இருக்காங்க. மூச்சு கேக்குறாங்க."

சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருத்திகூட அலறவில்லை. எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள், அவ்வளவுதான். அந்த அமைதிதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்கும்வரை காத்திருக்கவும் இல்லை. கூடத்தில் ஒருத்தியும் கால் வைக்கக் கூடாது, படுக்கை, புத்தகம் எதுவும் எடுக்க வேண்டாம், எல்லோரும் நனைந்துகொண்டே பள்ளிக் கட்டிடத்துக்கு நடங்கள் என்றேன். மாடிப் பிள்ளைகளையும் இறக்கினேன். கதவைச் சாத்தினேன். காரணம் என்ன என்று உங்களுக்கும் பல நேரம் தெரியாது. முதலில் பிள்ளைகளை வெளியே எடுங்கள், அறிவைப் பிறகு காட்டிக்கொள்ளலாம்.

சங்கீதாவை ஆட்டோவில் பக்கத்து டாக்டரிடம் காட்டினோம். பயந்திருக்கிறாள், வெறும் வயிறு, காற்றோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். திரும்பி வரும்போது தாளாளரும் அவள் அப்பாவும் விடுதி வராந்தாவில் நின்றிருந்தார்கள்.

தாளாளர் கெட்டவர் இல்லை. பள்ளிக்காக ஊர் ஊராக அலைந்தவர். அவருக்கு ஒரே பயம்தான். விடுதியில் ஏதோ இருக்கிறது என்ற பேச்சு வெளியே போனால் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடுவார்கள். போகிறவர்களில் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள். கட்டிடம் கொடுத்தவரும் மனம் நோவார். அதனால் அவருக்கு வேறு விதமாகச் சொல்லத் தோன்றியது. இந்தப் பிள்ளைக்கு மயக்க வியாதி, இவளைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுகிறார்கள், இவள் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்றார். பேய் கட்டிடத்தில் இருந்தால் விடுதி போய்விடும், பிள்ளையிடம் இருந்தால் ஒரு பிள்ளையோடு போய்விடும். அவர் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கணக்கு அதுதான்.

அவள் அப்பா மலையில் சாமையும் ராகியும் பயிர் செய்கிறவர். வந்ததிலிருந்து தோளிலிருந்த துண்டால் மூக்கைப் பொத்தியபடி நின்றார். ஊர்க்காரர் முன்னால் இப்படியா நிற்பது என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. சாயங்கால பஸ்ஸில் கூட்டிப் போகிறேன், மலையில் மந்திரிக்கிறவர் இருக்கிறார், தை மாதம் கல்யாணத்தை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். சங்கீதா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. பொண்ணு போகப்போகிறது, இனிமேல் வராது என்று எனக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அப்போதுதான் அப்பாவின் துண்டு என் கண்ணில் உறுத்தியது. என்ன நாற்றம் வருகிறது என்று அவரிடம் கேட்டேன். அவர் தயங்கினார். அழுகின முட்டை மாதிரி, கதவுப் பக்கம் ஜாஸ்தி என்றார். கதவருகே போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. சங்கீதாவிடம் திரும்பி உனக்கு வருகிறதா என்று கேட்டேன்.

"முன்ன வந்துச்சு மிஸ். ரொம்ப வந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு. நின்னதுக்கு அப்புறம்தான் விழ ஆரம்பிச்சேன்."

நான் வேதியியல் டீச்சர். அழுகின முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுக்கு என்று வருடா வருடம் பிள்ளைகளைக் கத்தவைத்துச் சொல்லிக்கொடுத்தவள். அது வெள்ளியைக் கறுக்கவைக்கும், காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழும், கொஞ்சம் அதிகமானால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். எல்லாம் பாடத்தில் இருக்கிறது. பாடம் பாடமாகவே இருந்தது, என் விடுதிக்குள் வரும் என்று தோன்றவில்லை. கீழே தொட்டி நிரப்பப்படவில்லை, ஆற்றுத் தண்ணீர் அடியில் ஏறி எதையோ மேலே தள்ளுகிறது என்று மனதில் ஓடியது. ஆனால் இதைப் பேசி யாரை நம்பவைப்பது. பஸ் வருவதற்குள் அந்த மனிதர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அவர் விரலில் ஒரு பழைய வெள்ளி மோதிரம் இருந்தது. தாளாளர் கையிலும் ஜோசியர் சொன்னார் என்று முத்து வைத்த வெள்ளி மோதிரம். இரண்டையும் கேட்டேன். தாளாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், கழற்றிக் கொடுத்தார். நஸ்ரீன் இரண்டையும் பல்பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தாள்.

அப்பாவிடம் சொன்னேன்: "உங்க பொண்ணுகிட்ட ஏதோ இருக்குன்னு சொல்றாங்க. இருந்தா, அவ கையில இருக்கிற மோதிரம் கறுக்கணும். ரூம்ல இருந்தா, ரூம்ல இருக்கிறது கறுக்கணும். உங்க கண்ணாலயே பாருங்க."

தாளாளரின் மோதிரத்தைச் சங்கீதாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். அப்பாவின் மோதிரத்தை நீள நூலில் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் போய், பிள்ளைகளின் கொக்கிக் குச்சியால் மூலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, நூலின் முனையோடு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நானும் குனியவில்லை.

எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்தோம். கதவிடுக்கில் வந்து கிடந்த அந்த வெள்ளை நூலை யாரும் தொடவில்லை. பள்ளிக் கட்டிடத்துக்குப் போகச் சொன்ன பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்து மழையில் தள்ளி நின்றார்கள். அவர்கள் கதவைப் பார்க்கவில்லை. சங்கீதாவின் மூடிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் போகப் போக எனக்கும் அந்தக் கையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. படித்ததெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது திறக்கும்போது உள்ளே கறுத்திருந்தால் என்ன சொல்வேன் என்று நான் யோசித்தே வைத்திருக்கவில்லை. அவள் உள்ளங்கை வியர்த்து, விரலிடுக்கில் ஈரம் தெரிந்தது.

நடுவில் கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. யாரோ தரையைக் கீழேயிருந்து முட்டுகிற மாதிரி, மெல்ல, விட்டு விட்டு.

"உள்ள யாரு?" என்றார் அப்பா.

"யாரும் இல்ல," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. தாளாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் கேட்டிருந்தது.

தேநீர் மணி அடித்த பிறகு சங்கீதாவைக் கையைத் திறக்கச் சொன்னேன். அவள் திறக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நஸ்ரீன் தன் கறுத்த தாயத்தை ஒரு கையால் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். வியர்வையில் நனைந்து, முத்தைச் சுற்றி வெள்ளி வெள்ளையாகவே இருந்தது.

பிறகு நூலை இழுத்தேன். டைல்ஸ்மேல் மோதிரம் உரசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. கதவுக்கடியிலிருந்து வந்து அப்பாவின் கால்விரல் பக்கத்தில் நின்றது. இரும்பு மோதிரம் மாதிரி இருந்தது. அவர் அதைக் கையால் தொடவில்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"புள்ளகிட்ட ஒண்ணும் இல்ல. இந்த ஊட்டுலதான் இருக்குது," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சாயங்கால பஸ்ஸில் அவர் தனியாகத்தான் போனார். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வந்து கூட்டிப் போகிறேன், அதுவரை பள்ளிக்கூடத்துப் பக்கமே படுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மோதிரத்தை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

தாளாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கே அவர் கட்டிடம் கொடுத்தவர் வீட்டுக்கு நடந்து போனார். மனம் நோவார் என்று பயந்த அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொள்ளவில்லை. தான் காசு கொடுத்து நிரப்பச் சொன்னதாகவும் நிரப்பியதாகத்தான் நினைத்திருந்ததாகவும் சொல்லி, தானே ஆட்களை வரவழைத்தார். முறையான முகக்கவசமும் காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் வைத்துத் தரையைப் பெயர்த்தார்கள். மற்றத் தொட்டிகளில் மண் இருந்தது. மூலையில் இருந்ததில் மட்டும் கல்பலகை போட்டு மூடி மேலே பூசியிருந்தார்கள். உள்ளே கரிய சேறு, அடியில் ஆற்றுத் தண்ணீர் தள்ளத் தள்ள மெல்ல மேலே எழும்பி, பலகையை முட்டி, ஒரு குமிழ் விட்டு இறங்கியது. பிறகு மறுபடி எழும்பியது. தூரத்தில் நின்று பார்த்த எனக்கு, அது மூச்சு விடுகிறது என்று தோன்றியதைத் தவிர்க்க முடியவில்லை.

சேற்றை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆள் யாரும் இல்லை. அங்கே யாராவது காணாமல் போனதாகவும் ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. ஓர் ஏணி இருந்தது. சுவரில் சாய்த்தபடி, ஏறி வருகிறவர்களுக்காக வைத்த மாதிரி, அதன் மேல்படி பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டியை மூடுகிறவர்கள் ஏன் ஏணியை உள்ளே விட்டுவிட்டு மூடினார்கள் என்று நான் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வராந்தாவில் நீ என்ன சொன்னாய் தெரியுமா என்று சங்கீதாவிடம் கேட்டேன். அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அதற்குமேல் நான் கிளறவில்லை. வாயுவுக்கு என்னிடம் பதில் இருந்தது, ஏணிக்கு இல்லை. இன்றைக்கும் கட்டிலுக்கு அடியில் ஏதாவது விழுந்தால் குச்சியால்தான் எடுக்கிறேன், என் வீட்டிலும்.

விடுதியை மூடவில்லை. கீழ்க்கூடம் முழுதும் நிரப்பி, சுவரில் அடிமட்டத்தில் காற்றோட்டம் வைத்த பிறகுதான் ஆட்களை விட்டோம். பிள்ளைகளாகவே ஒரு வழக்கத்தையும் ஆரம்பித்தார்கள். ஒவ்வோர் அறையிலும் கட்டில் கால் உயரத்தில் ஓர் ஆணி, அதில் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு வெள்ளிச் சாமான். ஓர் அறையில் தாயத்துக் கூடு, ஓர் அறையில் உடைந்த கொலுசு. புதிதாக வருகிற அதிகாரிகள் மூடநம்பிக்கை என்பார்கள். நாங்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுவோம்.

தைக் கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது, சங்கீதா பத்தாவது எழுதினாள், நல்ல மதிப்பெண். கோடை விடுமுறைக்கு அப்பா வந்து கூட்டிப் போனார். போகும்போது பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டி போனால் பிள்ளை திரும்பாது என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். விடுமுறை முழுதும் மலைப்பக்கமிருந்து ஒரு தகவலும் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. நானும் கேட்டுச் சொல்ல ஆள் அனுப்பவில்லை, என்ன பதில் வருமோ என்று பயம்.

பள்ளி திறந்த அன்று வாசலில் நின்றிருந்தேன். ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வருகிற பஸ் வந்தது. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்தபோது, கடைசியில் ஒரு தகரப் பெட்டி படியில் இடித்துக்கொண்டு வந்தது. அதன் பின்னால் சங்கீதா. இரண்டு மாதம் மலைக்காற்றில் இருந்தவள், துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியிருந்தாள். எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அய்யோ, நாறுது மிஸ்," என்றாள்.

என் பணிக்காலத்தில் எனக்கு எத்தனையோ பேர் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு இருந்த சந்தோஷம் எதிலும் இருந்ததில்லை. வா என்று அவள் பெட்டியின் ஒரு பக்கத்துப் பிடியை வாங்கிக்கொண்டேன்.